ஆந்தை ஈரலும் யாழினி காதுகுத்தும்

1. கட்டைப்பை

எங்கள் லேபுக்கு உயிரோடு வருகிறவர்கள் கம்மி. வருவதெல்லாம் செத்த மயில், செத்த கொக்கு, செத்த ஆந்தை. அவை வாய் திறக்காது. அதனால் உயிரோடு யாராவது மாட்டினால் நான் சும்மா விடமாட்டேன்.

ஐந்தாவது வரை படித்தேன், அதுவும் மத்தியானச் சோற்றுக்காக. ஸ்லைடு கழுவ வந்தவள், நாளாக ஆகச் சதை சீவும் கட்டிங் மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள், "ஒரு ரிப்போர்ட்டுக்கு இவ்ளோ நாளா ஆயா?" என்று சலித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஏகாம்பரம் கதை.

ஏகாம்பரம் திருப்போரூர் பக்கம், என் ஊர்க்காரன். நெல் போட்டிருந்தான், எலி வெட்டித் தள்ளியது. வயல் நடுவில் ஒரு கம்பை நட்டு, அதன் தலையில் குறுக்கே இன்னொரு குச்சியைக் கட்டிவைத்தான். இருட்டினதும் ஆந்தை வந்து அதில் உட்காரும், எலியைப் பிடிக்கும். ஊர்ப் பெண்கள் அதைச் சாக்குருவி என்று திட்டுவார்கள். இவன் 'நம்ம ஆளு' என்பான். அந்த ஆள்தான் ஒரு திங்கட்கிழமை, ஜவுளிக்கடைக் கட்டைப்பைக்குள் விறைத்துப்போய் எங்கள் மேஜைக்கு வந்தது.

"இன்னா நைனா, பொண்டாட்டிக்குப் பொடவையா?" என்றேன்.

"வெளையாடாத ஆயா. கொல கேசு இது."

"யாரு கொன்னது?"

"என் மச்சான்."

மச்சான் என்றால் அவன் மனைவி செல்வியின் அண்ணன் தணிகாசலம். பக்கத்து வயல் அவனுடையது. அவன் எலி மருந்து வைத்தான், மருந்து தின்ற எலியை ஆந்தை தின்றது, ஆந்தை செத்தது. ஏகாம்பரம் மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டான்.

டாக்டரம்மா பறவையை அறுத்தார். வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்து கிடந்தது.

"பாத்தீங்களா மேடம்! எலி மருந்து உள்ள போனா இப்டிதான் ரத்தம் கட்டும். எனக்குத் தெரியாதா?"

"ரத்தம் வர்றதுக்கு வேற காரணமும் இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

"எங்க மேடம் பொறுக்கறது? ஞாயித்துக்கெழம கோயில்ல எம்பொண்ணு யாழினிக்குக் காதுகுத்து."

விஷயம் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். யாழினிக்கு இருப்பது ஒரே தாய்மாமன். 'கொலகாரன் மடில எம்பொண்ணு குந்தாது' என்று இவன் வீட்டில் சொல்லிவிட்டான். 'எங்கண்ணன் மடி இல்லன்னா காதுகுத்தும் இல்ல, உனக்குச் சோறும் இல்ல' என்று செல்வி அடுப்பை அணைத்துவிட்டாள். ஆள் வாடிப்போய் இருந்தது ஆந்தைக்காக மட்டும் இல்லை.

2. ரத்தத்தில் இல்லை

டாக்டரம்மாவுக்கு ஆந்தை ரத்தத்தில் இருக்கிற பூச்சிகள் பற்றித்தான் ஆராய்ச்சி. மனுஷருக்கு மலேரியா மாதிரி ஆந்தைக்கும் உண்டு. இதயத்திலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் இழுத்துவிட்டார். நான் காயவைத்து, சாயம் ஊற்றி, கழுவிக் கொடுத்தேன். மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஸ்மியர் நெகட்டிவ். ரத்தத்துல பூச்சி இல்ல. ஆனா..."

அந்த 'ஆனா'வைக் கேட்க ஏகாம்பரம் அங்கே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

"செல்வி, ரத்த டெஸ்ட்டே எட்த்தாச்சு. நோவு ஒண்ணும் இல்லியாம். உங்கண்ணன்தான், கன்பார்மு!"

எங்கள் பக்கத்தில் ரத்த டெஸ்ட்டுக்கு மேல் கோர்ட்டு கிடையாது. நான் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன்.

"முழுசாக் கேளுங்க" என்றார் டாக்டரம்மா. "கொசுவைவிடச் சின்ன ஈ ஒண்ணு ஆந்தையைக் கடிக்கும். அது வழியா பூச்சி உள்ள போகுது. போனதும் ரத்தத்துல நிக்காது. ஈரல், நெஞ்சுச் சதை, தொடைச் சதைன்னு எங்கயாவது போய்ப் பதுங்கும். அங்க பை மாதிரி வீங்கி, உள்ளயே பெருகும். பெருகின பிறகுதான் ரத்தத்துக்கு வரும். அதுக்கு முன்னாடியே ஆந்தை செத்துட்டா ரத்தத்துல என்ன தெரியும்?"

ஏகாம்பரம் முழித்தான். நான் அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"நீ செல்விய இட்டுகினு ஓடிப்போயி, எங்கியோ குடித்தனம் பண்ணி, யாழினி பொறந்தப்பறந்தான ஊருக்குள்ள தலையக் காட்டுன? அதே கததான் இதுவும்."

"ஆயா, மேடம் முன்னாடி இன்னா பேச்சு இது?"

"கேட்டுக்க. அன்னிக்கு உனக்கு மொத மொத கதவத் தொறந்தவன் யாரு?"

தொறந்தவன் தணிகாசலம்.

டாக்டரம்மா ஈரல், இதயம், நெஞ்சுச் சதையில் துண்டு துண்டாக வெட்டி பார்மலினில் போட்டார். "டிஷ்யூ பார்த்துட்டு சனிக்கிழமை சொல்றேன். அதுவரைக்கும் யாரையும் கொலைகாரன்னு சொல்லாதீங்க" என்றார்.

3. மீன் ஐஸ்

சதை கெட்டியாக வேண்டும். ஆல்கஹாலில் தண்ணீர் போக வேண்டும். மெழுகு உள்ளே இறங்கிக் கட்டியாக, பிளாக் ஆக வேண்டும். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது, ஏகாம்பரம் தினமும் போன் பண்ணினாலும் முடியாது.

சனிக்கிழமை காலையில் மெஷினில் உட்கார்ந்தேன். சித்திரை வெயில். லேப் பிரிட்ஜ் முந்தின நாளே படுத்துவிட்டது. மெழுகு இளகி, வெட்டுகிற துண்டெல்லாம் நனைந்த அப்பளம் மாதிரி சுருண்டது. பிளாக்கை ஐஸில் வைத்துக் குளிர வைத்தால்தான் ஒழுங்காக வரும். அவ்வளவு ஐஸுக்கு எங்கே போவது?

தணிகாசலம் வயல் வேலை போக லோடு வண்டியும் ஓட்டுகிறான். புதுப்பட்டினத்தில் மீன் ஏற்றினால் கூடவே ஐஸும் இருக்கும். போன் போட்டேன்.

"தணிகாசலம், உன் மடில யாழினி குந்தணுமா, வேணாவா?"

"வோணும் ஆயா."

"அப்ப ஐஸ் எட்தா."

தெர்மாகோல் பெட்டியோடு வந்து நின்றான். லேபே மீன் மார்க்கெட் மாதிரி நாறியது. பெஞ்சில் ஏற்கெனவே ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தான். இவன் மறுமுனையில் உட்கார்ந்தான். நடுவில் பெட்டி.

"ஆயா, அந்த ஆளு ஐஸ்ல எதுனா கலந்துருக்கப் போறான்."

"ஆயா, அந்த ஆளாண்ட சொல்லு. இது சங்கரா மேல கொட்டுன ஐஸு. ஊரே அந்த மீனத் துன்னுட்டு நல்லாத்தான் கீது."

"நான் இன்னா போஸ்ட்டாபீசா? ரெண்டு பேரும் வாய மூடுங்க. பேன நிறுத்தப் போறேன்" என்றேன்.

வெட்டுகிற துண்டு வெங்காயத் தோலைவிட மெல்லிசு. ஒன்றோடொன்று ஒட்டி நாடா மாதிரி வரும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்த வேண்டும். காற்று பட்டால் பறந்துவிடும். பேன் நின்றது, ஜன்னலைச் சாத்தினேன். மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது. ஈரல் பிளாக் குளிர்ந்து, நாடா அழகாக இறங்கியது. அதை எடுக்கக் கை நீட்டுகிறேன், ஏகாம்பரம் மூக்கைச் சுளித்து, வாயைப் பிளந்து, தலையைப் பின்னால் சாய்த்தான். மீன் நாற்றம் மூக்கில் ஏறிவிட்டது.

தணிகாசலம் பாய்ந்து, தோளில் இருந்த துண்டால் அவன் மூக்கையும் வாயையும் சேர்த்து அமுக்கினான்.

"தும்மாத மாப்ள!"

தும்மல் துண்டுக்குள்ளேயே போனது. ஒரு வாரத்தில் தணிகாசலம் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான். நாடா தப்பித்தது.

4. பை வெடித்த இடம்

சாயம் போட்டு ஸ்லைடைக் கொடுத்தேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். மைக்ராஸ்கோப்பில் அவன் முதலில் பார்த்தது அவன் கண் இமை முடியைத்தான். "முடியாட்டம் கீது மேடம்" என்றான். நான் தலையைப் பிடித்துச் சரியாக வைத்தேன்.

"உருண்டையா, பையாட்டம் கீது. உள்ள கடுகு கணக்கா நெறைய... ஒண்ணு கிழிஞ்சிருக்கு. சுத்தி ஒரே ரத்தம்."

"அதேதான். பூச்சி ஈரலுக்குள்ள பெருகி, பை வெடிச்சிருக்கு. வயித்துல நீங்க பார்த்த ரத்தம் இதுலேர்ந்து வந்ததுதான்."

"அப்ப மருந்து வெக்கலியா?"

"மருந்தே இல்லைன்னு இதை வச்சு எழுத முடியாதுங்க. அதுக்கு வேற டெஸ்ட். ஆனா இந்த ஆந்தை சாக இதுவே போதும்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. டாக்டரம்மாவுக்கு நல்லதுக்குக்கூட ஒரு பொய் சொல்ல வராது. சரியான பேஜாரு. ஏகாம்பரம் மோவாயைச் சொறிந்துகொண்டு நின்றான்.

தணிகாசலம்தான் பேசினான். "ஆயா, அந்த ஆளாண்ட கேளு. ராவுல அந்த ஆந்த எங்க எலி புடிச்சிச்சி? முக்காவாசி என் வயல்லதான். சம்பளம் இல்லாம வேல பாக்கறத நான் இன்னாத்துக்குக் கொல்லப்போறேன்?"

ஏகாம்பரத்துக்குக் கண் சிவந்தது. "இன்னாது? என் கம்புல குந்திகினு உன் வயல்லயா வேல பாத்துச்சு?"

"மெய்யாலுமே மாப்ள. உன் எலி அதுக்குப் புடிக்கல போல."

நான் சிரித்தேன். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஏகாம்பரம் அடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

"மடி காலியாதான் கீது" என்றான் தணிகாசலம். "நாளைக்கு வரட்டா, வேணாவா?"

"ஆயா, அந்த ஆளாண்ட சொல்லு. கம்மல மறந்துட்டு வரப்போறான்."

மறுநாள் நானும் போனேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு யாழினி மாமன் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டினாள். புது வேட்டியையும் நனைத்தாள். காதில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது.

"ஆயா, இத்த ஸ்லைடுல இழுத்துப் பாக்கலாமா? எங்க ரெண்டு பேருக்குள்ள இன்னா பூச்சின்னு தெரிஞ்சிடும்" என்றான் ஏகாம்பரம்.

"உங்கூட்டுப் பூச்சி ரத்தத்துல தெரியாது நைனா. ஈரல அறுக்கணும். அறுக்கட்டா?" என்றேன். செல்வி சிரித்து, என் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

ஆகவே பிள்ளைகளே, ஸ்மியரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் 'ரத்தத்தில் இல்லை' என்று மட்டும் சொல்லுங்கள். 'இல்லை' என்று சொல்லிவிடாதீர்கள். சதையை வெட்டிப் பார்க்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். கேட்காதவன் சட்டையைப் பிடியுங்கள்.

இந்தப் போகத்துக்குப் புது ஆந்தை ஒன்று வந்திருக்கிறது. மச்சான் இரண்டு பேரும் ஆளுக்கொரு கம்பு நட்டுவைத்து, யார் கம்பில் உட்காரும் என்று காத்திருக்கிறார்கள். அது உட்காருவது வரப்போரத்துக் கரண்டு கம்பத்தில்.