காப்புக் கட்டிய கையோடு இடப்பள்ளிக்கு

பரீட்சையில் ஜெயிக்க வேண்டும் என்று நேர்ந்து காப்புக் கட்டிவிட்டு, மறுநாளே ‘ஏன்தான் கட்டினோமோ’ என்று அழுதவள் நம் கோயிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்த வாரத்தை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. ஆனாலும் மாரியம்மன் எனக்குச் செய்ததை நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? நான் படித்ததெல்லாம் மலையாளத்தில். தமிழை எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் முத்துலட்சுமி. கொச்சி மட்டாஞ்சேரியில் பி.காம். கடைசி வருடம். அம்மா கொச்சங்காடியில் ஒரு குடோனில் சுக்குத் தரம் பிரிக்கிறாள். அப்பா மாநகராட்சிக் குப்பை லாரியில் போகிறார். மற்றப் பாடங்களை எப்படியோ தாண்டிவிட்டேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. பாடத்திட்டம் மாறுகிறது, பழைய ஆட்களுக்கு இதுவே கடைசித் தேர்வு என்று சொல்லிவிட்டார்கள். இதிலும் போனால் டிகிரி கிடையாது. மூன்று வருடமும் வீண். சுக்குச் சாக்குக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் நானும் போய் உட்கார வேண்டியதுதான். அம்மாவுக்கு அந்த நினைப்பே ஆகாது. “இந்த நெடி என்னோட போகட்டும்” என்பாள்.

அதனால்தான் போன மாசித் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசாரி மஞ்சள் துணியில் வேப்பிலை வைத்து என் கையில் காப்புக் கட்டினார். கட்டினால் அடுத்த ஞாயிறு மஞ்சள் நீராட்டு முடியும்வரை எல்லை தாண்டக் கூடாது. நமக்கு எல்லை தோப்பும்படிப் பாலம். இது உங்களுக்குத் தெரியாததா? தேர்வு வெள்ளிக்கிழமை. கல்லூரி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். எல்லாம் எல்லைக்குள்தானே என்று ஹால் டிக்கெட் வருவதற்கு முன்பே கையை நீட்டிவிட்டேன். அதுதான் நான் செய்த மடத்தனம்.

திங்கட்கிழமை ஹால் டிக்கெட் வந்தது. எழுதப் போகிறவர்கள் கொஞ்சம் பேர் என்பதால் எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்திருந்தார்கள். இடப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. பாலத்தைத் தாண்டி, எறணாகுளத்தையும் தாண்டிப் போக வேண்டும். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வீட்டில் சொன்னதும் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “காப்போட பாலம் தாண்டுவியாட்டி? பக்கத்து வீட்டுப் பிச்சம்மா ஒரு தடவ தாண்டிட்டு வந்தா. அடுத்த வாரமே வீட்டுல மூணு பேருக்கு அம்மை போட்டுச்சு. தெரியுமில்ல?” என்றாள். தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பயம் உண்டு. படித்தவள்தானே என்று கேட்பீர்கள். படித்தால் பயம் போய்விடுமா என்ன?

செவ்வாய்க்கிழமை கல்லூரி ஆபீசில் போய் நின்றேன். அங்கிருந்த சார் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. “மோளே, சென்டர் மாத்தான் பற்றில்ல” என்றார். முடியாது என்றால் முடியாதுதான். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அஞ்சு என்கிற என் சிநேகிதி ஒரு சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு, “எடி, அந்தச் சரடை முறிச்சுக் களை. பரீட்சை எழுதிட்டு வந்து வேற கெட்டிக்கோ” என்றாள். அவள் மேல் கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்குப் போய்க் கத்திரிக்கோலை எடுத்தது நான்தான். துணிக்கு அடியில் நுழைத்தும் விட்டேன். வெட்ட மனசு வரவில்லை, கத்திரிக்கோலைக் கீழே போட்டேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புதன்கிழமை ஒரு நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை மாணவர் சமரம், அதாவது ஸ்டிரைக், தேர்வு எல்லாம் தள்ளிப்போகும் என்று வாட்சப்பில் வந்தது. நான் துள்ளிய துள்ளலைப் பார்த்து அஞ்சுவே பயந்துவிட்டாள். மாரித் தாயே, கேட்டுவிட்டாயே என்று கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். வியாழக்கிழமை காலையில் அது பொய் என்று தெரிந்தது. சமரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அன்று மத்தியானம் நான் கோயிலுக்குப் போனேன். நான் கொஞ்சம் வாய்க்காரி, உங்களுக்குத் தெரியும். அம்மனையே திட்டிவிட்டேன். “உன்னை நம்பித்தானே கட்டினேன்? என் கையைக் கட்டிப்போட்டு வேடிக்கை பார்க்கிறியா? ஒரு பரீட்சையைத் தள்ளிவைக்க உன்னால முடியாதா?” என்று கேட்டேன். கேட்டு முடித்ததும் படியில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை. “எனக்கு வழி தெரியல” என்று மட்டும் சொன்னேன். மணியடிக்கவில்லை, பல்லி சொல்லவில்லை, பூ விழவில்லை. வந்தபடியே திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. தேர்வு மத்தியானம் ஒன்றரைக்கு. அம்மா என் முகத்தைப் பார்க்காமலே எட்டு மணிக்கு வேலைக்குப் போய்விட்டாள். போக வேண்டாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன். புத்தகத்தை மூடி அலமாரியில் போட்டுவிட்டுப் பாயில் சுருண்டு படுத்தேன். அழுகைகூட வரவில்லை. எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தது.

பத்தரைக்கு அப்பா வேலை முடிந்து வந்தார். “ஏ முத்து, இன்னும் கெளம்பலியா?” என்றார்.

நான் காப்புக் கட்டிய கையைத் தூக்கிக் காட்டினேன்.

அப்பாவும் அந்த வருடம் காப்புக் கட்டியிருந்தார். ஒவ்வொரு வருடமும் கட்டுவார். அந்த ஒரு வாரம் மட்டும் ஆள் மாற்றிக்கொண்டு, பாலத்துக்கு இந்தப் பக்கமே இருக்கிற பள்ளுருத்தியில் வேலை வாங்கிவிடுவதாக அம்மாவிடம் சொல்லுவார். முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் காப்பில் அழுக்கு அப்பியிருந்தது.

“நான் இப்ப எங்கேருந்து வாரேன் தெரியுமா? கலூர்லேருந்து. பள்ளுருத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவன் மாத்தித் தாரான்? ஏழு வருசமா காப்போடதான் பாலம் தாண்டுதேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அம்மனுக்குத் தெரிஞ்சா?” என்று கேட்டேன்.

“அம்மனுக்குத் தெரியாம இருக்குமா? உங்கம்மாவுக்குத்தான் தெரியாது” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பாலம் ஏறுறப்ப கும்பிட்டுச் சொல்லிருவேன், வயித்துப் பொழப்புக்குப் போறேன், வந்துருதேன்னு. இன்னைக்கு வரைக்கும் கோவிச்சுக்கல. எந்திரி. மூஞ்சியக் கழுவு.”

ஏழு வருடம் அந்தப் பயத்தை அவர் தனியாகச் சுமந்திருக்கிறார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தின நாள் படியில் உட்கார்ந்து கேட்டதற்குப் பதிலும் இதுதான் என்று பட்டது. எழுந்துவிட்டேன்.

அப்பாவே கூட வந்தார். பஸ் பாலம் ஏறியபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா என் மணிக்கட்டைக் காப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். இடப்பள்ளியில் அந்தப் பெரிய கடைகளைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. ஹாலுக்குள் டீச்சர் காப்பைப் பிரித்துக் காட்டச் சொன்னார், உள்ளே பிட்டு இருக்குமோ என்று. பிரிக்க முடியாது டீச்சர், கோயில் காப்பு என்றேன். அந்தம்மா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வேப்பிலையை மட்டும் தொட்டுப் பார்த்தார், சரி எழுது என்றார். தெரிந்ததை எழுதினேன். தெரியாததையும் விடவில்லை.

திரும்பும்போது ஆறு மணி. அம்மா வாசலில் நின்றிருந்தாள். அடி விழும் என்றே நினைத்தேன்.

“எழுதிட்டியா?” என்றாள்.

தலையை ஆட்டினேன்.

“நீ போவேன்னு எனக்குத் தெரியும்ட்டி. காலையில உன் மூஞ்சியப் பார்த்தா அழுதுருவேன்னுதான் பார்க்கல. குடோன்ல இருப்புக்கொள்ளல. மத்தியானம் லீவு சொல்லிட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன்.”

“போய்?”

“தாயே, இன்னைக்கு ஒரு நாள் ஒன் எல்லைய இடப்பள்ளி வரைக்கும் கொண்டுபோயி வச்சுக்கோ, எம்புள்ள உனக்குள்ளதான் இருக்கான்னு சொன்னேன். இவ்வளவு நேரமும் நடையிலதான் உக்காந்திருந்தேன், இப்பதான் வந்தேன்.”

அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த வாரம் அழுத அழுகையில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்த அழுகை.

யாருக்கும் அம்மை போடவில்லை. ரிசல்ட் வந்தது. ஒரு மார்க் குறைந்திருந்தாலும் போயிருக்கும். ஆனால் பாஸ். நான் இப்போது அம்மனிடம் பேரம் பேசுவதில்லை. வீட்டில் எதையும் மறைத்து வைத்துக்கொண்டு தனியாகப் பயப்படுவதும் இல்லை. அப்பா சங்கதியை அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன். அம்மா இதைப் படிக்கும் நேரத்தில் அவர் வீட்டில் இருக்க மாட்டாராம்.

வழியே இல்லை என்று தவித்துக்கொண்டு இதைப் படிக்கிற உங்களில் யாராவது இருப்பீர்கள். எனக்கும் வெள்ளிக்கிழமை பத்தரை மணி வரை இல்லை. அம்மனிடம் போங்கள். பரீட்சையை மாற்று என்று நான் நாலு நாள் கேட்டேன், நடக்கவில்லை. நான் கேட்டதுபோல் கேட்காதீர்கள். கூட வா தாயே என்று என் அம்மா கேட்டாள். அப்படிக் கேளுங்கள்.