பன்னிரண்டு நிமிட ஷாட்

ஒரு உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இப்போதெல்லாம் நான் எதையும் அதனதன் வேகத்தில் பார்ப்பதில்லை. சமையல் வீடியோ, அரசியல் பேட்டி, ஆன்மிகச் சொற்பொழிவு... எல்லாமே ஒன்றரை மடங்கு வேகம்தான். மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன கிழித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சத்யா தன் படத்தை அனுப்பியபோதும் அதே வேகத்தில்தான் பார்த்தேன்.

சத்யா இருளர் பெண். இங்கே செஞ்சியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறாள். எங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவும் அவள் கைவேலைதான், அப்படித்தான் பழக்கம். அவலூர்பேட்டை ரோட்டிலிருந்து உள்ளே போனால் அவர்கள் குடியிருப்பு. ஏரிக்கரை ஓரமாகத்தான் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஆட்களைப் புதைக்கிறார்கள். அரசாங்க ரெக்கார்டில் அந்த இடம் வெறும் புறம்போக்கு. இப்போது மண் அள்ளும் டிராக்டர்கள் பக்கத்தில் வந்துவிட்டன.

இடுகாடு என்று பதிவு செய்து கொடுங்கள் என மனு போட்டார்கள். என்ன ஆதாரம் என்று கேட்டார்களாம். அவர்களிடம் கல் நடும் பழக்கம் இல்லை, சமாதி கட்டும் பழக்கமும் இல்லை. ஆதாரத்துக்கு எங்கே போவது?

அதற்காகத்தான் இந்தப் படம். ஸ்டுடியோ ஓனரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கேமரா இரவல் வாங்கி எடுத்திருக்கிறாள்.

படத்தில் பாதிக்கு மேல் ஒரே ஷாட். அவளுடைய அம்மா முனியம்மா புதர்களுக்கு நடுவே நடந்துகொண்டே சொல்கிறார்: இங்கே என் மாமியார், இங்கே கொழுந்தனார், இது பிறந்து ஆறு மாதத்தில் போன பிள்ளை... மியூசிக் கிடையாது. க்ளோசப் கிடையாது. பன்னிரண்டு நிமிடம்!

அட்வைஸ் பண்ண வாய்ப்பு கிடைத்தால் நான் விடுவேனா? உடனே போன் போட்டேன். செஞ்சியில் எடுத்த படத்தில் கோட்டையைக் காணோமே, ஆரம்பத்தில் ஒரு ட்ரோன் ஷாட் வை என்றேன். அந்த நடையை ரெண்டே நிமிடமாகக் குறை, யாருக்கு இவ்வளவு பொறுமை இருக்கிறது என்றேன். பெரிய டைரக்டர் பாருங்கள், நான்!

அவள் கோபப்படவில்லை.

"நானும் கொறச்சிப் பாத்தேன் சார். எல்லாரையும் சொல்லி முடிக்க அவ்ளோ நேரம் ஆவுது. இதுல யார எடுத்துட்றது, நீங்களே சொல்லுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கோட்டைக்குப் போனால் குதிரை லாயம் எது, நெற்களஞ்சியம் எது என்று அங்கங்கே போர்டு வைத்துச் சொல்கிறார்கள். நாமும் நின்று படிக்கிறோம். முன்பு சில பேர் சத்யாவின் ஊருக்கும் கேமராவோடு வந்தார்களாம். பாம்பு பிடிப்பதைக் காட்டச் சொன்னார்களாம், எலி பிடிப்பதைக் காட்டச் சொன்னார்களாம். உங்கள் ஆட்களை எங்கே புதைக்கிறீர்கள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அதைக் கேட்க அந்த ஊர்ப் பெண்ணே கேமராவைத் தூக்க வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை தாலுகா ஆபீசுக்குத் துணைக்கு வரமுடியுமா என்று கேட்டாள். போனேன். செய்த தப்புக்கு அதாவது செய்ய வேண்டாமா?

மேஜைமேல் லேப்டாப். பின்னால் முனியம்மா நின்றுகொண்டிருந்தார். அதிகாரி நல்ல மாதிரிதான், ஆனால் வெளியே வராண்டா முழுக்கக் கூட்டம். நாலு நிமிடம் பார்த்தவர், கொஞ்சம் தள்ளி ஓட்டும்மா என்றார். சத்யா கீ-போர்டில் கை வைத்தாள்.

"ஓட்டாதீங்க ஐயா," என்றார் முனியம்மா. "இப்ப எம் பெரிய பொண்ணு வருவா."

திரையில் முனியம்மா ஒரு முள்செடிப் பக்கத்தில் போய் நின்றார். அதுவரை ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தவர் அங்கே வாயே திறக்கவில்லை. அரை நிமிடம் இருக்கும். அது சத்யாவின் அக்கா. ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். என் ஒன்றரை மடங்கு வேகத்தில் அந்த இடம் வந்தபோது, நெட் மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் போனைத் தட்டியவன் நான். சொல்லவே கூசுகிறது.

அதிகாரி அப்புறம் அவசரப்படவில்லை. கடைசிவரை பார்த்தார். வேறு எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. புதன்கிழமை சர்வேயரை அனுப்புகிறேன், அளந்து பார்க்கட்டும் என்றார்.

சத்யா கும்பிட்டாள். முனியம்மா நகரவில்லை.

"அளக்க வர்றவங்கள செருப்ப கழட்டிட்டு வரச் சொல்லுங்க ஐயா. முள்ளு குத்தாது. நான் பெருக்கி வெச்சிட்றேன்."

அதிகாரி பேனாவை எடுத்தார், எதில் எழுதுவது என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டார்.

இதை எழுதும் சனிக்கிழமை வரை சர்வேயர் வரவில்லை. முனியம்மா இரண்டாவது தடவையாக முள் பெருக்கிவிட்டாராம்.