சுவாமியிடம் நான் கேட்கவில்லை

எங்கள் ஊர்காவற்றுறை மாதா கோயில் பாடகர் குழுவுக்கு நான்தான் மூத்தவள். பூசையில் முதல் வாசகத்துக்குப் பிறகு வரும் திருப்பாடலைத் தனிக்குரலில் பாடுவதும் அப்போது நான்தான். இந்த வயதிலும் குரல் உடையவில்லை. குழுப் பிள்ளைகள் என்னை ஆச்சி என்று கூப்பிட நான் விடுவதில்லை. அன்ரிதான்.

ஆனால் எனக்கு வாசிப்பு மட்டு. இரண்டாம் வகுப்போடு மீன் காயவைக்கப் போனவள் நான். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். இதை எழுதவே பல நாள் ஆகிவிட்டது. மற்றப் பாட்டுகள் காதால் கேட்டு நெஞ்சில் கிடக்கின்றன. திருப்பாடல் அப்படியில்லை, ஞாயிறுக்கு ஞாயிறு மாறும். அதனால் சனிக்கிழமை பின்னேரம் குழுவில் ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து மூன்று தரம் வாசித்துக் காட்டுவாள். கண் மங்கல் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். பூசையிலும் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அடிக்கும் முதற் சொல்லை மெல்ல எடுத்துத் தருவாள். நான் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பேன். சனம் நான் பார்த்துப் பாடுகிறேன் என்றே நினைத்தது.

அந்தப் பிள்ளை உதைபந்தும் விளையாடுவாள். கோலுக்குள் நிற்பவள். மைதானத்தில் விழுந்தெழும்பி, முழங்காலில் மண்ணோடு பாட்டுப் பழக வருவாள்.

"கோயிலுக்கு வாற வடிவைப் பார்" என்று பேசுவேன்.

"மாதா ஒண்டும் சொல்லமாட்டா, அன்ரி. நீங்கள்தான் சொல்லுறியள்" என்பாள்.

போன வருடம் எங்கள் திருநாளும் அவளுடைய பள்ளிக்கூட ரீமின் இறுதி மச்சும் ஒரே ஞாயிறு காலையில் வந்து விழுந்தன. மச் யாழ்ப்பாணத்தில். பள்ளிக்கூடம் முடிக்கிற வருடம், அந்த ரீமில் அவளுக்கு அதுதான் கடைசி. குழுவில் ஒருவர் வராமல் நிற்பதென்றால் மூத்தவள்தான் பங்குச் சுவாமியிடம் போய்க் கேட்க வேண்டும். அது எங்கள் வழக்கம்.

"ஒருக்காச் சுவாமியிட்டக் கேட்டுச் சொல்லுவியளோ, அன்ரி? சனிக்கிழமை இரவு வெஸ்பர் செபத்துக்கு நிண்டு பாடிப்போட்டுப் போறன். விடிய ஆறு மணிக்கு வான் வருது."

"கேக்கிறன்" என்றேன்.

திருநாளுக்கு வெளிநாட்டுச் சனமெல்லாம் வந்து நிறையும். ஓர் அடி மறந்தால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். வேறு பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தலாம். ஆனால் இன்னொருத்தி கண் மங்கலை நம்புவாளோ என்று பயமாக இருந்தது. சுவாமியின் அறைவீட்டுக்குப் போனேன். பீடத்துப் பூக்களைப் பற்றிப் பேசினேன். திரும்பி வந்தேன்.

"சுவாமி விடமாட்டாராம், பிள்ளை."

"அப்ப சரி, அன்ரி. மாதாவின்ர நாள்தானே."

திருநாளன்று ஒரு சொல்லும் பிசகாமல் பாடினேன். சனம் வந்து கையைப் பிடித்துப் பாராட்டியது. அவள் முற்றத்தில் ரெலிபோனைப் பார்த்தபடி நின்றாள். நாலு கோல் வாங்கித் தோற்றுப்போனார்களாம். கோலுக்குள் நின்றது அன்றைக்குத்தான் முதல்தரம் கோலுக்குள் நின்ற பிள்ளையாம்.

அந்த நேரம் பார்த்துச் சுவாமி வந்தார்.

"என்ன பிள்ளை, மச்சுக்குப் போகேல்லையோ? என்னட்டக் கேட்டிருந்தால் விட்டிருப்பனே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள்.

"காலில நோ, சுவாமி. அதுதான் போகேல்லை."

அந்தக் கிழமை சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் என் பொய்யைச் சொன்னேன். பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை அவள் வழமைபோலப் புத்தகத்தோடு வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன்.

"நான் சுவாமியிட்டக் கேக்கவே இல்லை, பிள்ளை."

"தெரியும்."

"பிறகேன் கால்நோ எண்டு சொன்னனி?"

"உண்மையைச் சொல்லப் போனால் அழுதிருப்பன், அன்ரி. பொய் லேசு." புத்தகத்தை மடியில் வைத்தாள். "ஏன் கேக்கேல்லை?"

"எனக்கு வாசிக்க வராது. கண்ணில ஒண்டுமில்லை. நீ பக்கத்தில இல்லாட்டிச் சனத்துக்குத் தெரிஞ்சுபோடும்."

"இதுக்கோ?" என்றாள். புத்தகத்தைத் திறந்தாள். நான் கையை வைத்து மூடினேன். நாளைக்குச் சொல்லெடுத்துத் தரவும் வேண்டாம் என்றேன்.

மறுநாள் பூசையில் எழும்பிப் போய், புத்தகத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டினேன். பாட்டாக வரவில்லை. மூன்றாம் அடியில் நின்றுவிட்டேன். பின்வரிசை வாங்கில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற அவளுடைய உதடு அசைந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. கடைசி அடிவரை இழுத்து முடித்தேன். இப்போது திருப்பாடலை வேறொருத்தி பாடுகிறாள். நான் கூட்டத்தோடு பாடுகிறேன்.

என்னை நானே வெட்கப்படுத்தினால் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. என் வெட்கத்தால் அவளுக்கு என்ன? அவள் இப்போது ரவுணுக்கு வேலைக்குப் போய் வருகிறாள். பந்தைத் தொடுவதில்லை. பஸ் தரிப்பில் கண்டால், "சுகமா இருக்கிறியளோ, அன்ரி?" என்று கேட்பாள்.

"ஓம்" என்பேன்.