பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம்

எங்கள் ஊர் முதலமடையில் என் அப்பா மாங்காய்ப் பெட்டி வாங்கும்போது மேல் அடுக்கைப் பார்க்கவே மாட்டார். பெட்டியைச் சாக்கின் மேல் கவிழ்த்து, அடியில் கிடந்ததைத்தான் முதலில் எடுத்து முகர்வார். அந்தக் குணம் எனக்கு அப்படியே வந்திருக்கிறது. ஏலக்காய் மலையில், சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக மாற்றலாகி வந்து ஆறு வருடம் ஆகிறது. வகுப்பில் யாராவது வீட்டுப்பாடத்தை அழகாக எழுதி வந்தால் என் முதல் கேள்வி, "யாரு எழுதிக் குடுத்தது?" என்பதுதான்.

அதனால், விடுமுறைப் பயிற்சியில் கணினித் திரையில் ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டி, இதில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கலர் அட்டை ஒட்டி எழுதலாம், வீட்டிலிருந்து போனிலும் எழுதலாம் என்று மலையாளத்தில் சொன்னபோது எனக்கு அது பிடிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்து காட்டிக் கொடுத்துவிடும். இதில் எல்லார் எழுத்தும் ஒரே அச்சு. யார் எழுதினார்கள், யார் கலைத்தார்கள் என்று எப்படித் தெரியும் என்று எழுந்து நின்று கேட்டேன். "ஹிஸ்டரி நோக்கியால் மதி டீச்சர்" என்றார் பயிற்சி கொடுத்தவர், ஹிஸ்டரியைப் பார்த்தால் போதுமாம். எந்தப் போனிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்த அட்டை நகர்ந்தது என்று எல்லாம் அதில் பதிவாகுமாம். அந்தப் பயிற்சி முழுவதிலும் எனக்குப் பிடித்துப்போனது அது ஒன்றுதான்.

ஏழாம் வகுப்பில் ஐந்து பிள்ளைகளைச் சேர்த்து ஒரு குழு போட்டேன். பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடைதான் பொருள். கண்ணால் பார்த்ததைப் பச்சை அட்டையில் எழுத வேண்டும், சந்தேகத்தை மஞ்சளில், விசாரித்துத் தெரிந்துகொண்டதை ரோஸில். எது எதனால் என்று அம்புக்குறி போட்டு இணைக்க வேண்டும். மஞ்சள் அட்டைகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பெண்ணுடையவை. அவளுடைய அம்மா ஏலக்காயைக் காயவைக்கும் ஸ்டோரில் வேலை செய்பவர். வீட்டில் இருக்கும் ஒரே போன் அந்த அம்மாவுடையது. 'மழையே பெய்யாத அன்றைக்கும் ஓடை ஏன் கலங்கி வருகிறது?' என்று அவள் போட்ட அட்டையிலிருந்துதான் மற்றதெல்லாம் கிளைவிட்டது. இதையும் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று அவளிடம் இரண்டு முறை கேட்டேன், அதுவும் உண்மை.

சுற்றுவட்டப் பள்ளிகளெல்லாம் சேரும் உபஜில்லா போட்டியில் அந்தப் பலகையைக் காட்டிப் பேச இரண்டு பேர் போகலாம் என்றார்கள். அவளைத்தான் முதலில் சொன்னேன். அவள் பூப்பாறையைத் தாண்டிப் போனது போடியில் ஒரு கல்யாணத்துக்கு மட்டும்தான். மைக் இருக்குமா, ரெட்டைச் சடை போடணுமா என்று தினமும் வந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

போட்டி இருந்த வாரம் திங்கட்கிழமை காலை பலகையைத் திறந்தால் எல்லாம் தலைகீழ். பச்சை அட்டைகள் ஒரு மூலையில் வரிசையாக நின்றன. மஞ்சள் எல்லாம் எதிர்மூலையில். அம்புக்குறிகள் சிக்கெடுக்க முடியாத நூலாகக் கிடந்தன. ரோஸ் அட்டைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. அது விநோதமாகத்தான் பட்டது, ஆனால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்து பழையபடி அமைத்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் மறுபடியும் அதே கதை.

ஹிஸ்டரியைத் திறந்தேன். இரண்டு தடவையும் அந்தப் பெண்ணின் வீட்டுப் போன். எனக்குக் கோபம் வந்தது என்பதைவிட, உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது என்பதே சரி. இத்தனை சந்தேகங்களை எழுதும் பிள்ளை, மற்றவர்கள் எழுதியது தன்னுடையதோடு கலந்து நிற்பதைப் பொறுக்காமல் பிரித்துப் போட்டுவிட்டாள் என்று நானே ஒரு காரணத்தையும் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் குழுவின் முன்னால் அவளை நிறுத்தி, திரையில் அந்தப் பதிவைக் காட்டினேன். "ஏம் புள்ள, இது ஆரு வேலை?"

அவள் திரையைப் பார்த்தாள். பதிவில் இருந்த மணியை விரல் வைத்துப் பார்த்தாள். "நாந்தான் டீச்சர்" என்றாள்.

"எதுக்கு?"

அவள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பதில் வேறு பெண்ணைச் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை அந்த இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனபோது அவள் ஒற்றைச் சடையோடு வகுப்பு வாசலில் நின்றிருந்தாள். கையாட்டவில்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். அவளுடைய அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சேலையெல்லாம் ஏலக்காய் வாசம். மகள் பின்னாலேயே நின்றாள்.

"டீச்சர், நான் அடுக்கி வச்சது சரியா இருந்துச்சா?" என்றார் அந்த அம்மா, சிரித்துக்கொண்டே.

எனக்கு விளங்கவில்லை. "எதைச் சொல்றீங்க?"

"போன்ல இருந்துச்சே, கலர் கலரா. எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது டீச்சர். ஆனா பாத்தா பச்சையும் மஞ்சளும் ஒண்ணாக் கலந்து கெடக்கு. பிள்ள தண்ணி எடுக்கப் போன நேரத்துல நாந்தான் பிரிச்சு வச்சேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா மறுபடியும் கலந்து கெடக்கு, மறுபடியும் பிரிச்சேன். ஸ்டோர்ல நாளெல்லாம் அதான பாக்கேன், பச்சக்காய ஒரு பக்கம், மஞ்சக்காய ஒரு பக்கம். அந்த ரோஸு மட்டும் எங்க சேக்கன்னு தெரியல. அத அப்படியே விட்டுட்டேன்."

ஏலக்காயில் ரோஸ் கிடையாது. பதிவு பொய் சொல்லவில்லை. அது போனைத்தான் சொன்னது, விரலைச் சொல்லவில்லை.

அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று நான்கு பிள்ளைகள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். வீட்டிலும் அவள் வாய் திறக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

"போட்டியில இவ நல்லாப் பேசுனாளா டீச்சர்? கேட்டா, 'ம், போய்ட்டு வந்தேன்'ங்கா. வேற ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கா."

பொய்யை மோப்பம் பிடிப்பதில் பேர்போனவள் நான். "நல்லாப் பேசுனாளுங்க. நீங்க பிரிச்சு வெச்சதும் சுத்தமாத்தானுங்க இருந்துச்சு" என்றேன்.

அந்த அம்மா சந்தோஷமாகக் கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போய், மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்தார். மகள் அங்கேயே நின்றாள். நான் குனிந்து, "தப்பு என்னோடது கண்ணு. அடுத்த போட்டிக்கு நீதான் போற" என்றேன்.

அவள் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். மாங்காய்ப் பெட்டியை அப்பா பார்க்கிற அதே பார்வை.

"அத அந்தப் பலகையில எழுதிப் போடுங்க டீச்சர்" என்றாள். "ஹிஸ்டரில இருக்கும்."

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பலகையைத் திறந்து எழுதினேன். பார்த்ததா, சந்தேகமா, விசாரித்துத் தெரிந்துகொண்டதா, என்ன நிறம் என்று கேட்டேன். ரோஸ் என்றாள்.