முஸ்தஃபா அடித்த கோல்

சாந்தோமில் ஃபிரெடியைத் தெரியாதவர்கள் கிடையாது என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். இப்போதும் எல்லோருக்கும் தெரியும்தான். எதற்காகத் தெரியும் என்பதில்தான் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

முழுப்பெயர் ஃபிரெட்ரிக் ராஜநாயகம். கால்பந்தில் ஃபார்வர்டு. கோல் அடிப்பதுதான் வேலை, அதைத் தவிர வேறெந்த வேலையையும் அவன் உருப்படியாகக் கற்றுக்கொள்ளவில்லை. கோயிலுக்குப் பின்னால் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன். மணலில் ஓடியவனுக்குப் புல்தரை எம்மாத்திரம்? தொண்ணூறாம் வருஷம் கோவாக்காரர்கள் வந்து பார்த்தார்கள், கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு ரயிலேறியவன்தான். கோவாவிலிருந்து கல்கத்தா, அங்கிருந்து பம்பாய், அப்புறம் பஞ்சாபில் ஒரு மில் டீம். ஒரு ரெக்ஸின் பை, இரண்டு ஜோடி பூட்ஸ். போன ஊரிலெல்லாம் பந்தைக் கேட்பதற்கும் திட்டுவதற்கும் வேண்டிய அளவுக்கு பாஷை கற்றுக்கொண்டான்.

கல்கத்தாவில் நடந்ததை அவனே சிரித்துக்கொண்டு சொல்வான். ஆட்டக்காரர்கள் டீம் மாறும் பருவம் வந்துவிட்டால் அங்கே ஒரு வழக்கம். தாங்கள் பிடித்த ஆளை எதிர் டீம் தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதே என்று எங்கேயாவது ஒளித்து வைத்துவிடுவார்கள். இவனையும் ஊருக்கு வெளியே ஒரு மாடி வீட்டில் பூட்டி வைத்தார்கள். வேளாவேளைக்கு மீன் குழம்பு, வாசலில் இரண்டு தடியன்கள் காவல். அடேயப்பா, நமக்கு இவ்வளவு மவுசா என்று பூரித்துப்போனான். கையெழுத்து வாங்கிய பிறகு அந்த சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அடுத்தவனுக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான். இவன் ஆடினால் என்ன, ஆடாவிட்டால் அவர்களுக்கென்ன?

எந்த ஊருக்குப் போனாலும் மாறாத பழக்கம் ஒன்று அவனிடம் இருந்தது. கோல் விழுந்ததும் வலது கை நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு இறங்கி, இரண்டு தோளையும் தொட்டுவிட்டு உதட்டுக்கு வந்துவிடும். சிலுவை போட்டுவிட்டுத்தான் வீட்டுப்படி இறங்க வேண்டும் என்று சின்ன வயதில் அம்மா பழக்கியது. கோவாவில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை, அங்கே பாதிப்பேர் அப்படித்தான். பஞ்சாபில் டீம் பையன்கள் விளையாட்டாகத் தாங்களும் போட்டுப் பார்த்தார்கள். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. பந்து வலையில் விழுந்த மறுகணம் கை போய்விடும்.

தொண்ணூற்று நாலில் ஐவியைக் கட்டினான். பங்குப் பள்ளியில் டீச்சர். கிறிஸ்துமஸுக்கு வருவான், பொங்கலுக்குள் போய்விடுவான். கல்யாணமாகியும் அவள் அம்மா வீட்டிலேயே இருந்தாள். "உங்க வீட்டுக்காரர் இப்ப எந்த ஊர்ல?" என்று பூசை முடிந்து வருகிறவர்கள் கேட்பார்கள். அவளும் ஒவ்வொரு வருஷமும் ஒரு ஊர் பெயரைச் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள்.

தொண்ணூற்றாறில் ஒருவழியாக விடிவு வந்தது. தி.நகரில் ஒரு பெரிய ஆபீஸ், அதற்கென்று ஒரு கால்பந்து டீம். அதைப் பார்த்துக்கொண்டவர் சுப்பராமன், மயிலாப்பூர்க்காரர். பந்தைக் காலால் தொட்டவரில்லை, ஆனால் ஆட்டமென்றால் உயிரை விடுவார். அவர்தான் மேலிடத்தில் நின்று பேசி ஃபிரெடிக்கு ஓர் இடம் வாங்கினார்.

"இதோ பார், ஊர் ஊரா அலைஞ்சது போறும். இந்த சீசன் மட்டும் ஒழுங்கா ஆடு, வேலை நிரந்தரம் ஆயிடும். ஆம்படையாளோட ஒரு ஆத்துல நிம்மதியா இருக்கலாம். ஆனா ஒண்ணு, வெளியில வேற எங்கேயும் போய் ஆடப்படாது. ஃபுட்பால் சங்கத்துக்குத் தெரிஞ்சா டீமையே தூக்கிடுவா. புரியறதா?"

"புரியுது சார். சத்தியமா ஆட மாட்டேன் சார்."

மனசாரத்தான் சொன்னான். மந்தைவெளியில் ஒரு வீடு பார்த்தார்கள். ஐவி ஜன்னலுக்குத் திரை தைத்தாள். கணுக்கால் வலிக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டபடி, "இனிமே இந்த ரெக்ஸின் பைய பரண்ல போட்டுடலாமா?" என்று கேட்டாள். போட்டும் விட்டாள். அவளுக்கு அந்த ஒரு வேலை நிரந்தரமானால் போதும், வேறெதையும் அவள் கேட்கவில்லை.

ஆட்டங்கள் நந்தனத்து மைதானத்தில் நடந்தன. என்ன மைதானம்! கடலைக்காரர் ஒருவர், வேப்பமரத்தடியில் தூங்குகிற ஒரு நாய், பென்ஷன் வாங்குகிற நாலு பேர். ஒருநாள் பாதி மைதானத்தைத் தனியாகக் கடந்து போய் ஒரு கோல் போட்டான். படாரென்று ஒரு கைதட்டல் கேட்டது. ஆசையோடு திரும்பிப் பார்த்தால், கடலைக்காரர் கொசு அடித்திருக்கிறார். அன்றைக்கு அவனுக்கு வந்த எரிச்சலை எங்கே போய்ச் சொல்ல?

நேராக ஷரஃபுதீன் கடைக்குத்தான் போனான். ஷரஃபுதீனுக்கு மலப்புறம் பக்கம் சொந்த ஊர். மந்தைவெளியில் டீக்கடை போட்டுப் பத்துப் பதினைந்து வருஷமாகிவிட்டது, பேச்சு சுத்த மெட்ராஸ் பேச்சாகவே மாறிவிட்டது. கடை முழுக்கக் கால்பந்துப் படம்தான். அவர் ஊரில் அறுவடை முடிந்த வயலில் ஏழு பேர் டீம்களாக ஆடுவார்கள். சுற்றிலும் உட்கார்ந்து பார்க்க மூங்கிலில் கட்டிய காலரி, மேலே விளக்கு, நிற்க இடமில்லாத கூட்டம். சங்கத்தில் பதிவான ஆட்டக்காரர்கள் அங்கே ஆடக்கூடாது என்று தடை இருந்தது. அதனால் வெளியூர்க்காரர்கள் வேறு யார் பெயரிலாவது இறங்குவார்கள். பார்க்கிறவர்களுக்கும் அது தெரியும், மைக்கில் அறிவிக்கிறவருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அது அந்த ஊர் நாணயம்.

"நைனா, எங்க ஊர் டீம் ஃபைனல் வந்துகீது. ஃபார்வர்டு பையன் கால உட்சிக்கினு படுத்துகீறான். நீ ஒரே ஒரு ஆட்டம் வந்து குடு. சும்மா ஜனம் கத்துறதுல காது கிழியும் பாரு," என்றார் ஷரஃபுதீன்.

அவர் இப்படிக் கேட்டது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் முடியாது என்றவன், இந்தத் தடவை ஆட்டம் என்றைக்கு என்று கேட்டான்.

ஐவி தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த சார்கிட்ட இன்னா சொல்லிட்டு வந்தீங்க? அதுவும் தவக்காலத்துல! வேணாங்க, வேலை நிரந்தரமாவட்டும்."

"ஒரே ஒரு ஆட்டம் ஐவி. பேரே என் பேரு கெடையாது. யாருக்குத் தெரியப்போவுது?"

பரணிலிருந்து பையை அவனே இறக்கினான். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

மைக்கில், "மதராஸிலிருந்து முஸ்தஃபா!" என்று அழைத்தார்கள். காலரி அதிர்ந்தது. நந்தனத்து நாயும் கடலைக்காரரும் அவன் நினைவிலிருந்தே போய்விட்டார்கள். கடைசி நிமிஷங்களில், கோலுக்கு முதுகைக் காட்டி நின்றவன், மேலே வந்த பந்தை நெஞ்சில் வாங்கி, கீழே விழுமுன் திரும்பி இடது காலால் அடித்தான். கோவாவில், கல்கத்தாவில், எங்கேயும் அவன் அப்படி ஒரு கோல் போட்டதில்லை. கோல்கீப்பர் அசையக்கூட இல்லை. வலை விம்மியது. ஃபிரெடியின் வலது கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு இறங்கியது, இரண்டு தோளையும் தொட்டுவிட்டு உதட்டுக்கு வந்தது.

ஒரு கணம் காலரியில் சத்தமில்லை. அப்புறம் மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிலுவை போடுகிற முஸ்தஃபா! அந்தச் சிரிப்பில் பொல்லாங்கு இல்லை. அவனைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள், பிரியாணி ஊட்டினார்கள், அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். பாவி, அந்தச் சிரிப்பு கோலையே விழுங்கிவிடும் என்று அன்றைக்கு அவனுக்குப் புரியவில்லை.

யாரும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. படம் எடுக்கவில்லை, மொட்டைக் கடுதாசி போடவில்லை. ஷரஃபுதீனுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், பெயரைச் சொல்லாமல்தான், சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கேட்டவர்கள் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? மந்தைவெளியில் கிளம்பிய கதை அடையாறு சுற்றி நந்தனம் போய், எதிர் டீம் பையன்கள் வாய்வழியாக தி.நகர் ஆபீஸுக்குள் நுழைந்தது.

சுப்பராமன் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார் என்று நினைத்துப் போனான். அவரோ அவனைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏண்டா, சிலுவை போட்டியாமே? முஸ்தஃபான்னு பேரை வெச்சுண்டு?"

"தப்புதான் சார். கை தானா போயிடுச்சு சார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு போய்விட்டது. "உனக்காக நான் எத்தனை பேர்கிட்ட நின்னேன் தெரியுமோ? ஒரே ஒரு வார்த்தை கேட்டேன். இப்போ உன்னை வெச்சுண்டிருந்தா எல்லாரையும் தடை பண்ணிடுவா. நாளையிலேர்ந்து வர வேண்டாம்ப்பா."

இருபத்தெட்டு வயது, வீங்கின கணுக்கால். சேதி பரவின பிறகு வேறெந்த ஆபீஸ் அவனைத் தொடும்? ஷரஃபுதீன் வீடு தேடி வந்து, "நைனா, பெருமையாத்தான் சொன்னேன், தப்பா எடுத்துக்காத," என்று அழுதார். அவரை அடிக்கவும் முடியவில்லை, அணைக்கவும் முடியவில்லை. மந்தைவெளி வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் அவள் அம்மா வீட்டுக்கே போனார்கள். ஜன்னல் திரைகளை ஐவி மடித்து எடுத்துவந்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசவேயில்லை. பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பாண்டி பஜாரில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் ஃபிரெடிக்கு வேலை கிடைத்தது. பந்துக்குக் காற்றடிப்பது, பூட்ஸ் எடுத்துக் காட்டுவது. ஒருநாள் ஷின்கார்டு வாங்க வந்த காலேஜ் பையன் ஒருவன், கூட வந்தவனுக்குச் சுவாரசியமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "மச்சி, சிலுவை முஸ்தஃபா மேட்டர் தெரியுமா உனக்கு? செம காமெடிடா."

ஃபிரெடி முழுக்கக் கேட்டான். பிறகு, "அந்த கோலு எப்படி அட்ச்சாம்ப்பா?" என்றான்.

"கோலா? அது தெர்ல அங்கிள். சிலுவை போட்டான், அதான் மேட்டரே."

ஐந்து ஊர் சுற்றி அத்தனை வருஷம் ஓடினதற்கு மிச்சம் இவ்வளவுதானா? நெஞ்சில் வாங்கினானே, விழுமுன் திரும்பினானே, அதை ஒரு நாதியாவது பார்த்ததா? கவுண்டருக்குக் கீழே குனிந்து, ஏற்கெனவே காற்றடித்திருந்த பந்துக்கு மறுபடியும் காற்றடித்தான்.

அன்றிலிருந்து அவன் கை நெற்றிக்குப் போவதில்லை. பூசையில் எல்லோரும் சிலுவை போடும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். போட்டால் பின்னாலிருந்து யாராவது சிரிப்பார்கள் என்று பயம். நிஜமாகவே இரண்டொரு தடவை சிரித்தும் இருக்கிறார்கள்.

தொண்ணூற்றெட்டில் மகள் பிறந்தாள். ஷெரில் என்று பெயர் வைத்தார்கள். ஞானஸ்நானத்தன்று சாமியார் குழந்தையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்தார். அப்புறம் வழக்கப்படி பெற்றோரை அழைத்தார். ஐவி வரைந்தாள். பிறகு குழந்தையை அவன் பக்கம் நீட்டினாள்.

ஃபிரெடி கையைத் தூக்கினான். கட்டைவிரல் ஷெரிலின் நெற்றிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பின் பெஞ்சில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெறும் செருமல்தான், இவனுக்கும் அது தெரியும். ஆனாலும் மூங்கில் காலரி மொத்தமும் அந்த ஒரு செருமலில் எழுந்து சிரித்தது. விரல் அந்தரத்தில் நின்றது. சாமியார் காத்திருந்து பார்த்துவிட்டு, ஞானத்தாய் பக்கம் திரும்பினார்.

வெளியே வந்ததும் ஐவி தாழ்ந்த குரலில் கேட்டாள். இரண்டு வருஷமாகக் கேட்காததையெல்லாம் சேர்த்துக் கேட்டாள்.

"எவனோ ஒருத்தன் பேர்ல, அவ்ளோ கூட்டத்துக்கு முன்னாடி கை தானா போச்சுன்னு சொன்னீங்க. நம்ம வீடு போச்சு. நான் ஒரு வார்த்தை கேட்டேனா? இன்னிக்கு நம்ம பொண்ணுக்கு மட்டும் அந்தக் கை போவல, இல்ல?"

போட்டோக்காரர் எல்லோரையும் கோயில் படியில் நெருங்கி நிற்கச் சொன்னார். ஃபிரெடி போய் ஐவிக்குப் பக்கத்தில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.