காலி வண்டியின் ஹாரன்

கார் ஓட்டத் தொடங்குவதற்கு முன் ஆறு வருஷம் நான் சைக்கிள் மிதித்தவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று யாராவது எனக்காகப் பரிந்து பேச வந்துவிடுவார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, கோலாலம்பூரில் ஓர் ஆபீசில் தபால் கொண்டுபோகும் பியூனாகச் சேர்ந்தேன். மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் போய்க்கொண்டிருந்த ரோட்டில் மோட்டார் கார்கள் பெருகிக்கொண்டிருந்த சமயம் அது. பின்னால் ஹாரன் கேட்டாலே சைக்கிளை ஓரங்கட்டிவிடுவேன். ஒரு நாள் ஒரு வாடகைக் கார் உரசியதில் சாக்கடையில் விழுந்தேன். தபாலெல்லாம் சேறு. கார்க்காரன் வண்டியை நிறுத்தினான், இறங்கினான், மட்கார்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தான், ஏறிப் போய்விட்டான். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. கார் ஓட்டுகிறவன் எவனும் மனுஷனே இல்லை என்று அன்று வீட்டில் கத்தித் தீர்த்தேன்.

அப்படிக் கத்தியவன்தான் கொஞ்ச நாளில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அப்பா அம்மா இருவரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். என் ஒரே அக்கா காப்பார் ரோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மச்சான் அங்கே பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரத்துப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவர். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாரிடம் நாலு நாள் நடையாய் நடந்து அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான்.

தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிற தொழிலாளி இறங்கிவிட வேண்டும். ஓரமாக நின்று, தலையில் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கார் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் ஏறலாம். இது எழுதி ஒட்டிய சட்டமல்ல. ஒருவன் இறங்கவில்லை என்றால் மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும்போது, அவனுக்கு வேலை இருக்காது, அவ்வளவுதான்.

துரை நல்ல மனநிலையில் இருந்தால் தனக்குத் தெரிந்த தமிழில் பேசிக்கொண்டு வருவார். அவருடைய ஊரில் பாதிரியாரும் டாக்டரும்கூட சைக்கிளில்தான் போவார்களாம். கார் பின்னால் பொறுமையாக வந்து, இடம் கிடைத்தால் தாண்டிப் போகுமாம். "அங்கே யாரும் இறங்க மாட்டாங்களா துரை?" என்று ஒருமுறை கேட்டேன். "அது எங்க ஊர்" என்று சொல்லிச் சிரித்தார். போர்ட்டில் எனக்குப் பழக்கமான ஒரு நாகப்பட்டினத்துக் கப்பல்காரரோ, ரங்கூனில் சைக்கிள்காரன் கார்க்காரனைத் திட்டிக்கொண்டே நடு ரோட்டில் போவான் என்பார். ஆக, காருக்கு முன்னால் சைக்கிள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று உலகத்தில் எங்கும் விதி இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்து என்ன? துரையை எங்காவது இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போதும் நான் ஹாரன் அடித்தேன். உள்ளே யார் இருக்கிறார் என்று ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது. மூத்தவர்களெல்லாம் அலறிப் புடைத்து இறங்கித் துண்டை எடுப்பார்கள். எனக்கு அது இனித்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் இனித்தது.

அன்று துரையைக் கிள்ளான் ஸ்டேஷனில் கோலாலம்பூர் ரயிலுக்கு விட்டுவிட்டுத் திரும்பினேன். மழை தூறியதால் காரின் பக்கவாட்டுப் படுதாக்களை இறக்கிக் கட்டியிருந்தேன். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தொப்பியைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்திருந்தேன். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் முன்னால் ஒரு சைக்கிள். கேரியரில் அரிசி மூட்டை. ஓட்டுகிறவர் தலையில் துண்டு. ரோட்டை ஒட்டி இடுப்பளவு ஆழத்துக்குத் தண்ணீர்க் கால்வாய். நான் தாண்டிப் போகத் தாராளமாக இடம் இருந்தது.

ஹாரன் அடித்தேன். அந்த மனிதர் இறங்கவில்லை. மூட்டையோடு சட்டென்று எப்படி இறங்க முடியும்? சைக்கிளில் சுமை ஏற்றிப் பழகிய எனக்கு அது தெரியாதா? ஆனாலும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவமதித்துவிட்டான் என்று தோன்றியது. யாரை? வண்டியில் என்னைத் தவிர யாரும் இல்லையே! பின் சக்கரத்தை நெருங்கிப் போய் ஹாரனை விடாமல் அமுக்கினேன்.

அவர் பதறிக் குதித்தார். கால் மாட்டிக்கொண்டது. சைக்கிளோடும் மூட்டையோடும் கால்வாய்க்குள் சரிந்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். அதற்குள் அவர் தட்டுத் தடுமாறி மேலே ஏறி, சேறு வழிய ஓரத்தில் நின்று, இடது கையால் துண்டை அவிழ்த்தார். வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். மச்சான்.

நிறுத்தவில்லை. துரை வண்டி, தாமதமாகிவிடும் என்றெல்லாம் பிறகு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எல்லாம் புளுகு. காலி வண்டியிலிருந்து நான் ஒருவன் இறங்கி அவர் முன்னால் நிற்க வெட்கமாக இருந்தது. நேராகப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார், எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. உளி பிடித்துப் பட்டையை நூல் பிசகாமல் சீவுகிற கை அது. கங்காணி அவரை மரம் வெட்டிலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்கு அனுப்பிவிட்டார். சம்பளமும் குறைந்தது, மதிப்பும் குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துக்கு, அக்கா வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மச்சானே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"துரை உள்ள இருந்தாரு. என்ன அவசரமோ. இவன் என்னா செய்வான்? அடின்னா அடிக்கணும், போன்னா போகணும். அப்பவும் ஸ்லோ பண்ணான் பாரு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆக மட்டமான காரியம் அந்தத் தலையாட்டல்தான், ஹாரன்கூட அதற்கு அடுத்தபடிதான்.

அக்கா விடவில்லை. "தம்பி, துரை வண்டியாலதானே இவ்வளவும் வந்துச்சு. நீ துரைகிட்ட ஒரு வார்த்தை கேளேன். ஸ்டோர்ல பால் அளக்குற வேலை குடுத்தா போதும், அந்தக் கைய வச்சுக்கிட்டு வெயில்ல எப்படிப் புல்லு வெட்டுவாரு?"

கேட்கிறேன் என்றேன். எப்படிக் கேட்பது? என்றைக்கு நடந்தது என்று துரை கேட்பார். அன்று நான் வண்டியில் இல்லையே என்பார். அத்தோடு என் வேலை போய்விடும். இரண்டு வாரம் லயத்துப் பக்கமே தலைகாட்டாமல் ஒளிந்து திரிந்தேன். பிறகு ஒரு ஞாயிறு போய், "கேட்டேன்க்கா. முடியாதுன்னுட்டாரு" என்று சொன்னேன்.

அக்கா துரையைத் திட்டினாள். கட்டையில போக, கை விளங்காமப் போக என்று வாய் ஓயாமல் திட்டினாள். திட்டிக்கொண்டே எனக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். எனக்கு வரவேண்டிய சாபத்தையெல்லாம் வேறொருவன் தலையில் விழவிட்டு நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மச்சான் இடது கையால் மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது லயத்து முனை வரை கூடவே வந்தார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"மாப்பிளே, துரைகிட்ட கேட்டேன்னு இனிமே அக்காகிட்ட சொல்லாதே. பாவம், அந்தாள வீணா திட்டுறா. அன்னிக்குப் பின்னால படுதா காத்துல தூக்குச்சு. சீட்டுல உன் தொப்பிதான் கெடந்துச்சு."

நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"அவளுக்குத் தெரிஞ்சா உன்னை வாசப்படி ஏத்த மாட்டா. பொறந்த வீடுன்னு அவளுக்கு இருக்கிறது நீ ஒருத்தன்தான். அதான் துரை மேல போட்டேன்."

அப்போதாவது அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். "பொழுது போயிருச்சு மச்சான், வரேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னாலிருந்து அவர் கூப்பிடுவார் என்று பயந்து வேகமாக நடந்தேன். கூப்பிடவில்லை.

அதன் பிறகு காலி வண்டியில் நான் ஹாரன் அடித்ததே இல்லை. மச்சான் எதிரே சைக்கிளில் வந்தால் நன்றாக வேகத்தைக் குறைத்து ஒதுங்கியும் ஓட்டினேன். அவரோ என் காரைத் தூரத்தில் கண்டதுமே இறங்கிவிடுவார். உள்ளே நான் மட்டும்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்த நாட்களிலும் புல்லோரம் நின்று, இடது கையால் தலைத்துண்டை அவிழ்ப்பார். நான் ஒரு தடவைகூட வண்டியை நிறுத்தி, வேண்டாம் மச்சான் என்று சொன்னதில்லை.