மீந்துபோன சுண்ணாம்பு

மொஞ்சியா வெள்ளையடித்தால் ஈ உட்காரக்கூட யோசிக்கும் என்று எங்கள் முனையில் சொல்வார்கள். சொன்னவர்களில் பாதிப்பேர் அவள் வாய்க்குப் பயந்து சொன்னவர்கள். மீதிப்பேர் சொன்னது நிஜம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையின் உச்சியில் ஸீதி மஸ்ஊத் தர்கா இருக்கிறது. அதன் குவிமாடத்துக்குக் கோடைத் திருவிழா தோறும் அவள்தான் வெள்ளையடிப்பாள். அவளுக்கு முன் அவள் மாமியார். கூலி கிடையாது. புகழ் கிடைக்கும், அதில் அவள் யாருக்கும் பங்கு தரமாட்டாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. பக்கத்து நகரமான மஹ்தியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கத் தொடங்கியிருந்தார்கள். இடிந்த கோட்டை, பாறையைக் குடைந்த பழைய துறை, கடல்வரை சரிந்து போகும் கல்லறைகள் என்று எதையும் விடாமல் படம் பிடித்தார்கள். அவர்களில் ஒருத்தி கீழே கரையோரம் இருந்த பழைய தண்ணீர்த்தொட்டியின் குவிமாடத்தைக் காட்டி மூக்கைச் சுளித்தாள். எந்தக் காலத்து ராஜாவோ கட்டியது, கறுத்துப்போய்க் கிடந்தது.

"என்னவாம் அந்தம்மாவுக்கு?" என்று மொஞ்சியா வழிகாட்டியைக் கேட்டாள்.

"உங்க தர்கா முத்து மாதிரி இருக்காம். இது மட்டும் சொத்தைப் பல்லு மாதிரி இருக்குங்குறாங்க."

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வருஷம் சுண்ணாம்பும் மூன்று வாளி மீந்துவிட்டது. தர்காவில் அடங்கியிருக்கும் வலியாருக்கென்று கரைத்ததை வீட்டுச் சுவரில் பூசக்கூடாது, கீழே கொட்டவும் கூடாது. வழக்கமாக மீதி கல்லறைகளுக்குப் போகும். செவ்வாய்க்கிழமை அவள் மூன்று வாளியையும் தொட்டியின் தலையில் பூசிவிட்டாள். வேலை முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது அது தர்காவைவிடப் பளிச்சென்று இருந்தது. பெண்கள் எல்லோரும் மெச்சினார்கள். ஆண்கள் பார்க்கவில்லை. மூன்று படகுகளும் திங்களன்றே கடலுக்குப் போயிருந்தன. ஒன்று அவள் புருஷன் தீஜானியுடையது.

புதன் மதியம் தெற்கிலிருந்து அனல்காற்று கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் வானம், கடல், கோட்டை எல்லாம் ஒரே செம்மண் தூசி. ஆட்கள் எந்த நேரமும் திரும்பலாம் என்று மொஞ்சியா கோட்டைச் சுவரில் ஏறி நின்றாள். ஏறியவள் கீழே பார்த்தாள். மேலே தர்கா தூசியில் மங்கிக் கிடந்தது. தண்ணீரை ஒட்டி இருந்த தொட்டி மட்டும் விளக்குப் போட்டதுபோல் தெரிந்தது.

தூசி மூடினால் எங்கள் ஆட்கள் வேறு எதையும் தேடமாட்டார்கள். 'வெள்ளைக்கு நேரா படகு மூக்கை வை' என்பதுதான் இங்கே அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். வெள்ளை என்றால் ஸீதி மஸ்ஊத். அதற்கு நேராக வந்தால் பாறைகளுக்கு நடுவே ஒரே ஒரு வழி. தொட்டிக்கு நேராக வந்தாலோ, நாய்ப்பல் என்று பெயர்பெற்ற பாறைக்கூட்டம். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வாளியைத் தூக்கியபோது மொஞ்சியாவுக்கு மட்டும் தெரியாமல் போனது. பெருமை கண்ணை மறைத்துவிட்டது என்பேன் நான்.

அவள் கத்திக்கொண்டே கரைக்கு ஓடினாள். அங்கே ஆறேழு பெண்கள் கூடைகளோடு காத்திருந்தார்கள்.

"வலையை எடுங்கடி! அந்த வெள்ளையை மூடணும்!"

"பைத்தியமா அக்கா உனக்கு? நேத்துதானே பூசினே?" என்றாள் ஸாலிஹா. அவள் புருஷன் ரஜபும் அவள் தம்பியும் இன்னொரு படகில் போயிருந்தார்கள்.

"அதைத் தர்கான்னு நெனச்சு வந்து பாறையில ஏத்திடுவாங்கடி! நான்தான்... என் கையாலதான்..."

சொல்லி முடிப்பதற்குள் தூசியிலிருந்து ஒரு படகு வெளியே வந்தது. மூக்கு தொட்டிக்கு நேராக இருந்தது. பெண்கள் கையை வீசிக் கூவினார்கள். காற்று அந்தக் கூச்சலைக் கொண்டுபோய்க் கோட்டைச் சுவரில் அடித்தது. படகு நிமிர்ந்தது, மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. நீலப் படகு. ரஜபுடையது.

மொஞ்சியா மணலில் உட்கார்ந்துவிட்டாள். ஸாலிஹா அவள் தலைமுண்டைப் பிடித்து இழுத்தாள்.

"எழுந்திரு! இன்னும் ரெண்டு படகு வருது. உன்னை நான் அப்புறமாக் கொல்றேன், இப்ப புல்லை அள்ளு!"

எங்கள் கரையில் கறுத்த கடற்புல் எப்போதும் இடுப்பளவு ஒதுங்கிக் கிடக்கும். நாற்றத்துக்காக அதைத் திட்டாத நாளில்லை. அன்று அதை வலையில் வாரிப் போட்டு, நான்கு பேர் கீழிருந்து தள்ள, மொஞ்சியா குவிமாடத்தின்மேல் ஏறி இழுத்தாள். வலை கொள்ளாததைக் கையாலேயே அப்பினாள். முழங்கால் தோல் உரிந்தது. ஸாலிஹா கடல்பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் கை நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மொஞ்சியாவுக்கு மேலிருந்து கடல் தெரிந்தது. அடுத்த படகு வந்தது. தீஜானியின் படகு. நேராக அவளைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது. இன்னும் ஓர் ஆள் அகலத்துக்கு வெள்ளை பாக்கி. அவள் அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டாள்.

"திரும்பு மனுஷா, திரும்பித் தொலை!"

படகு தயங்கியது. வழி தெரியாமல் ஒரு அரைவட்டம் அடித்தது. அதன் மூக்கு மெல்ல வடக்கே சாய்ந்து, முனையின் உச்சியில் மங்கலாகத் தெரிந்த தர்காவின் வெள்ளையைப் பிடித்துக்கொண்டது. மூன்றாவது படகும் அதன் பின்னாலேயே வந்து சேர்ந்தது. தீஜானி கரையேறவில்லை. கேட்ட கூச்சலிலேயே விஷயம் புரிந்து, சிறு தோணியைத் தள்ளிக்கொண்டு நாய்ப்பல்லுக்குப் போனான்.

ரஜபும் மச்சானும் உயிரோடு வந்தார்கள். படகு பலகை பலகையாக வந்தது. அது ரஜபின் அப்பன் கட்டிய படகு. மூன்றாவது படகின் கிழவர், "தூசிக்கு யார் என்ன செய்ய முடியும், அல்லாஹ்வின் நாட்டம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஸாலிஹா மொஞ்சியாவைப் பார்த்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அப்படியே விட்டிருந்தால் போயிருக்கும்.

"தூசி இல்ல ரஜப்," என்றாள் மொஞ்சியா. "தொட்டிக்கு வெள்ளையடிச்சது நான்."

தீஜானி தலையைக் குனிந்துகொண்டான். ரஜப் ஈரத்தோடு நடுங்கிக்கொண்டு அவளையே பார்த்தான். அவன் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் நின்றாள்.

"ரொம்ப தூரத்துலேயே தெரிஞ்சுது அக்கா," என்றான் அவன். "இந்தத் தூசியிலயும் எவ்வளவு பளிச்சுன்னு! 'மொஞ்சியா அக்கா கை யாருக்கு வரும், வீடு வந்துட்டோம்டா'ன்னு மச்சான்கிட்ட சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லிட்டுத்தான் நேரா விட்டேன்."